ஒரு சாண் வலப்பக்கம்

அந்த அம்பயர் நாசமாய்ப் போக! இந்த சீசன் முழுக்க எங்கள் மைதானத்துக்கு அவரைத்தான் போட்டார்கள். பேஸ்பாலில் அடிப்பவர் காலடியில் ஒரு வெள்ளைப் பலகை பதித்திருக்கும். பந்து அதற்கு மேலே வந்தால் அடிக்க வேண்டும், தள்ளிப் போனால் விட்டுவிடலாம். இந்த மனுஷனோ வலப்பக்கம் ஒரு சாண் தள்ளிப் போகிற பந்துக்கெல்லாம் “ஸ்ட்ரைக்!” என்று கையைத் தூக்கினார். மூன்று ஸ்ட்ரைக் ஆனால் அவுட். நல்ல பந்தாகப் பொறுக்கி அடிக்கிற என் வீட்டுக்காரரே தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு திரும்பினார்.

வலைக்குப் பின்னால், முதல் வரிசையில், கைக்குழந்தையோடு உட்கார்ந்து ஒரு ஆட்டம் விடாமல் கத்தினேன். “யோவ், கண்ணு என்ன பொடனியிலயா இருக்கு?” அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

அடிமேல் அடி வைத்தால் அம்மியும் நகரும். விட்டாலும் அவுட்தானே என்று எங்கள் ஆட்கள் தள்ளிப் போகிற பந்தைத் துரத்த ஆரம்பித்தார்கள். பிறகு நேராக வருகிற பந்தையே இடப்பக்கம் போகிறது என்று விட்டார்கள். தோல்விமேல் தோல்வி.

அதுவரை அது வெறும் ஆட்டம். ஒருநாள் காலை என் வீட்டுக்காரர் டம்ளரை மேசைக்கு வலப்பக்கம் ஒரு சாண் தள்ளி வைத்தார். விழுந்தது. திட்டிக்கொண்டே துடைத்தேன். மறுநாளும் அதே பக்கம். எங்கள் அணியில் பந்து வீசுகிறவர் சொந்த வீட்டு வாசலை விட்டுச் சுவரில் முட்டி, நெற்றியில் கட்டோடு வந்தார். அவருக்கும் வலப்பக்கம்தான்.

அன்று சாயங்காலம் தூங்கிப்போன பாப்பாவைக் கட்டிலில் கிடத்த இவர் குனிந்தார். கைகளுக்குக் கீழே வெறும் தரை. பாய்ந்து பிடித்தேன்.

“என்னங்க பண்றீங்க?”

“கட்டில் நடுவுலதானே போடுறேன்?” என்றார். பாவம், பொய் சொல்லவில்லை.

அதற்குப் பிறகு குழந்தையை அவரிடம் கொடுக்கவே இல்லை. “ஒரே ஒரு தடவை குடும்மா” என்று கெஞ்சுவார்.

“முதல்ல பந்தை ஒழுங்கா பாருங்க. அப்புறம் பொண்ணைத் தூக்கலாம்.” சொல்லிவிட்டு நான்தான் சமையலறையில் போய் அழுதேன்.

கடைசி ஆட்டத்துக்குப் புது அம்பயர் வந்தார். கறாரான ஆளாம். இனி என் வீட்டுக்காரர் பார்வை பழைய இடத்துக்கு வந்துவிடும், மகளை இவர் கையில் தரலாம் என்று உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் என் நாத்தனார். வெளியூரில் இருப்பவள், இந்த சீசனில் அவள் பார்க்கிற முதல் ஆட்டம்.

எங்கள் ஆள் வீசினார். எதிரணிக்காரன் மட்டையை அசைக்கவில்லை. பந்து பலகைக்கு நேர் மேலே வந்ததை என் இரண்டு கண்ணாலும் பார்த்தேன். அம்பயர் ஸ்ட்ரைக் தரவில்லை!

எங்கள் அணி மொத்தமும் அவரைச் சூழ்ந்துகொண்டது. முதல் ஆளாக என் வீட்டுக்காரர். வந்த ஆத்திரத்தில் குழந்தையைப் பெஞ்சில் கிடத்திவிட்டு எழுந்தேன். “இவனும் குருடனா? நட்டநடுவுல வந்துச்சேய்யா!”

நாத்தனார் மண்டியிட்டு, இரண்டு கைகளையும் பாப்பாவுக்கு அடியில் கொடுத்திருந்தாள்.

“அண்ணி, அது தள்ளித்தான் போச்சு” என்றாள். “பாப்பாவை எங்க போட்டிருக்கீங்கன்னு பாருங்க.”

பார்த்தேன். பாப்பா பெஞ்சின் நடுவில்தான் படுத்திருந்தாள்.