வரலாற்றுத் துறையின் வாக்கியம்

எங்கள் பல்கலைக்கழகத்தில் ஒரு துறையை மூட வேண்டுமென்றால், அங்கே பேசிக்கொண்டிருக்கும் வாக்கியம் முடியும்வரை காத்திருக்க வேண்டும். வாக்கியம் முடிந்ததும் பதிவாளர் கதவைப் பூட்டி, பூட்டின்மேல் அரக்கு வைப்பார். அரக்கு வைத்த துறையை யாரும் திறந்து பார்த்ததில்லை.

போன ஆண்டு தத்துவத் துறை நான்கு நிமிடத்தில் மூடப்பட்டது. அதன் தலைவர் சுருக்கமாகப் பேசுகிறவர் என்று பெயரெடுத்தவர். சமூகவியல் துறை ஒன்றரை நாள் தாங்கியது. பிறகு யாரோ தும்ம, பக்கத்தில் இருந்தவர் பழக்கத்தில் "நல்லா இருங்க" என்று சொல்லிவிட்டார். அது முழு வாக்கியம்.

இந்த ஆண்டு ஜூலையில் எங்கள் முறை வந்தது. வரலாற்றுத் துறையில் ஆசிரியர்கள் இரண்டு பேர். தலைவர் தில்லைநாயகி மேடம், அவருக்குக் கீழே நான். மாணவர்கள் மூன்று பேர். இருவர் போட்டித் தேர்வு எழுத வெளியூர் போயிருந்தார்கள். மூன்றாமவர் ரோசம்மா அக்கா. ரேஷன் கடையில் முப்பது வருடம் எடை போட்டு ஓய்வு பெற்றபின் எம்.ஏ. சேர்ந்தவர். எங்கள் ஊர்த் தோல் ஆலையில் ஒரு காலத்தில் பெண்கள் நடத்திய வேலைநிறுத்தம் பற்றி அவர் எழுதிக்கொண்டிருந்தார். அப்படி ஒன்று நடந்ததாக ஆலையில் ஒரு காகிதம்கூட இல்லை. அக்கா வீடு வீடாகப் போய்க் கேட்டு, நாற்பத்தொரு பெண்களின் பெயர்களைச் சேர்த்திருந்தார். அந்த நோட்டு எங்கள் துறையின் இழுப்பறையில் இருந்தது. துறைக்குள் வந்த காகிதம் வெளியே போகக் கூடாது என்பதால், அரக்கு வைத்தால் அதுவும் உள்ளேதான்.

திங்கட்கிழமை காலை பத்து மணிக்குப் பதிவாளர் ஜெயசிங் வந்தார். கையில் பூட்டும், மெழுகுவர்த்தியும், சிவப்பு அரக்குக் கட்டியும் இருந்தன. வாக்கியத்தை முடிக்கும் வினைமுற்று வருகிறதா என்று கவனிக்க, தமிழ்த் துறையிலிருந்து இலக்கணப் பேராசிரியர் நச்சாடலிங்கத்தை அழைத்து வந்திருந்தார். வினைமுற்று வந்தால் நச்சாடலிங்கம் கையைத் தூக்க வேண்டும். அடுத்த ஆண்டு மூடவேண்டிய துறைகளின் பட்டியலில் அவருடைய துறையின் பெயரும் இருந்தது. அது அவரை எந்தப் பக்கம் சாய்க்கும் என்று எங்களுக்குத் தெரியவில்லை.

விதிகளை ஜெயசிங் வாசித்தார். பத்து எண்ணும்வரை மூச்சு வாங்கலாம். சொன்னதையே திரும்பச் சொன்னால் அது முற்றுப்புள்ளி. துறையைச் சேர்ந்த யார் வேண்டுமானாலும் வாக்கியத்தை வாங்கிக்கொள்ளலாம்.

தில்லைநாயகி மேடம் நாற்காலியை நகர்த்தி உட்கார்ந்தார். "இந்த ஊருக்கு முதன்முதலில் வந்தவர்கள் ஆற்றின் வடகரையில் கல்லைச் செதுக்கி, அதைக் கொண்டு மானின் தோலை உரித்து, தோலைக் காயவைக்க இடம் தேடி..." என்று தொடங்கினார்.

நான் அவரிடம் பதினோரு வருடம் வேலை பார்த்தவன். அவர் இவ்வளவு அழகாகப் பேசி நான் கேட்டதில்லை. மக்கள் வந்து, குளம் வெட்டி, சண்டை போட்டு, சமாதானமாகி, கோயில் எழுப்பி, அதை இடித்து, அதே கல்லில் சத்திரம் கட்டி, எங்கும் நிற்காமல் போனார்கள். ஒரு பஞ்சத்தைச் சொல்லும்போது, "ஊற்றுத் தோண்டி, தொண்டை வறண்டு, ஒரு டம்ளர் தண்ணீர் கிடைக்குமா என்று பக்கத்தில் நிற்பவரைப் பார்த்து..." என்றார். நான் ஓடிப்போய்த் தண்ணீர் கொண்டுவந்தேன்.

மாலை ஐந்து மணிக்கு அலுவலக நேரம் முடிந்தது. வாக்கியம் எந்தச் சொல்லில் நிற்கிறது என்று நச்சாடலிங்கம் ஒரு தாளில் எழுதி, உறையில் போட்டு ஒட்டினார். 'கரையேறி' என்ற சொல்லில் நின்றிருந்தது. மறுநாள் காலை அங்கிருந்து எடுக்க வேண்டும். மேடம் வீட்டிலும் முற்றுச் சொல் எதுவும் பேசவில்லையாம். அவருடைய கணவர், "சாப்பிட்டு, கைகழுவி, படுத்து, அவ்வளவுதான் சார், அதுக்குமேல பேச்சே இல்ல" என்று என்னிடம் போனில் சொன்னார்.

சிக்கல் மூன்றாம் நாள் தெரிந்தது. வரலாறு தீர்ந்துகொண்டிருந்தது. மேடம் ஒரே ஒரு வெள்ளத்துக்கு ஒரு முழுக் காலைப்பொழுதைக் கொடுத்துப் பார்த்தார். ஆனாலும் ரயில் வந்து, ஆலை வந்து, வருடங்கள் நம்மை நோக்கி நடந்து வந்துகொண்டேயிருந்தன. ஜெயசிங் காலண்டரைப் பார்த்துக்கொண்டார். இன்றைய தேதி வந்துவிட்டால் அதற்குமேல் சொல்ல எதுவும் இருக்காது. அவர் மெழுகுவர்த்தியை ஏற்றி வைத்தார்.

நான்காம் நாள் காலை மேடத்தின் குரல் போனது. ஒரு எச்சத்தின் நடுவில் உதடு மட்டும் அசைந்தது. ஜெயசிங் எண்ணத் தொடங்கினார். ஏழு வரும்போது நான் வாக்கியத்தை வாங்கிக்கொண்டேன்.

என்னைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். தேர்வுக்கான கையேடுகள் எழுதி எழுதி எனக்குச் சின்ன வாக்கியம்தான் வரும். போர் நடந்தது. மன்னர் தோற்றார். ஒப்பந்தம் கையெழுத்தானது. இப்படித்தான். நாக்கின் நுனியில் வினைமுற்றுகள் வந்து வந்து நின்றன. ஒவ்வொன்றையும் கடித்து எச்சமாக்கி அனுப்பினேன். சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. நச்சாடலிங்கத்தின் வலது கை மேசையில் விரல் விரித்துக் கிடந்தது. நான் அந்தக் கையையே பார்த்துப் பேசினேன்.

தோல் ஆலை வேலைநிறுத்தம் வந்தது. இழுப்பறையைத் திறந்து அக்காவின் நோட்டை எடுத்தேன். அந்தப் பெண்கள் சுண்ணாம்புத் தொட்டியில் வெந்த கைகளோடு வாசலில் உட்கார்ந்து, வெயிலில் காய்ந்து, எழ மறுத்து, என்று போனது. பெயர்களை ஒவ்வொன்றாகச் சேர்த்தேன். முப்பத்தொன்பது பெயர்கள் ஒழுங்காகப் போயின. நாற்பதாவது பெயர் அந்தோணியம்மாள். அக்காவின் அம்மா. அந்தப் பெயருக்கு எதிரே, காவல் நிலையப் பதிவேட்டிலிருந்து எடுத்தது என்ற குறிப்போடு ஒரே வரி இருந்தது. அதை நான் அதில் இருந்தபடியே படித்துவிட்டேன்.

"எட்டாம் நாள் ஆலை வாசலில் மயங்கி விழுந்து இறந்தாள்."

மேடம் கண்ணை மூடிக்கொண்டார். ஜெயசிங் பூட்டை எடுத்தார். நச்சாடலிங்கத்தின் கை மேசையைவிட்டு ஒரு சாண் எழுந்தது.

"-னு ஆலைக்காரன் போலீஸ்ல எழுதிக் கொடுத்து" என்றது ஒரு குரல்.

ரோசம்மா அக்கா எழுந்து நின்றிருந்தார். நான்கு நாளாக அவர் வாயைத் திறக்காமல் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்.

"ஆனா எங்கம்மா சாகாம, என்னய வயித்துல வச்சிக்கிட்டு மெதுவா எந்திரிச்சி, ரோட்டோரமாவே நடந்து, நாலு மைலு தள்ளி அவங்க சித்தி வூட்டுக்குப் போயி, ஒரு செம்புத் தண்ணி வாங்கிக் குடிச்சி..."

நச்சாடலிங்கத்தின் கை அந்தரத்தில் நின்றது.

"கையைத் தூக்குங்க சார்" என்றார் ஜெயசிங். "இறந்தாள். வினைமுற்று. எல்லாருக்கும் கேட்டுச்சு. 'னு' எல்லாம் பேச்சு வழக்கு, கணக்கில் வராது."

நச்சாடலிங்கம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவர் அவசரப்படவில்லை. அக்கா தன் அம்மாவைச் சித்தி வீட்டில் படுக்கவைத்து, கஞ்சி கொடுத்து, வியர்வை துடைத்து, நேரத்தைக் கடத்திக்கொண்டிருந்தார்.

"'னு' என்றால் 'என்று' தான்" என்றார் கடைசியில். "'இறந்தாள்' என்பது ஆலைக்காரர்களின் வினைமுற்று. துறையின் வினைமுற்று இன்னும் வரவில்லை." கையை மேசைமேல் பழையபடி வைத்தார்.

ஜெயசிங்குக்கு முகம் சிவந்தது. அவர் பையிலிருந்து மூடல் ஆணையை எடுத்தார். ஆணையை அறைக்குள் வாசித்துவிட்டால் வேறெந்த வாக்கியமும் அதற்குமுன் நிற்காது என்று அவர் நம்பினார். அக்கா மூச்சு வாங்கிய இடைவெளியில், அதுவரை நான் கேட்டிராத உரத்த குரலில் வாசித்தார்.

"ஆட்சிமன்றக் குழுவின் தீர்மானப்படி, போதிய மாணவர் இன்மையால், வரலாற்றுத் துறை இன்று முதல் மூடப்படுகிறது."

அக்கா என்னைப் பார்த்தார். நான் மேடத்தைப் பார்த்தேன். மெழுகுவர்த்தியில் அரக்கு உருகி ஒரு துளி தரையில் விழுந்தது. நான் மனதுக்குள் எண்ணிக்கொண்டிருந்தேன். எட்டு. ஒன்பது.

"என்று" என்றார் தில்லைநாயகி மேடம்.

அது குரலே இல்லை. காகிதம் உரசுவதுபோல் இருந்தது. நச்சாடலிங்கம் முன்னால் சாய்ந்து, "இன்னொரு தடவை சொல்ல வேண்டாம், கேட்டுவிட்டது" என்றார். பிறகு பதிவாளர் பக்கம் திரும்பினார்.

"உங்கள் ஆணை அவர்களுடைய வாக்கியத்துக்குள் போய்விட்டது, ஐயா. இனி அந்த வாக்கியம் முடிந்தால்தான் இதுவும் முடியும்."

"எப்ப முடியும்?"

"அது வரலாற்றைப் பொறுத்தது."

ஜெயசிங் ஆணையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அதன் கடைசியில் இருந்த புள்ளி காணாமல் போயிருந்தது. மேசைக்கு அடியிலும் குனிந்து தேடினார். பிறகு மெழுகுவர்த்தியை ஊதி அணைத்துவிட்டு, பூட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

அப்போது மணி ஐந்தாகியிருந்தது; நச்சாடலிங்கம் 'என்று' என்ற சொல்லைத் தாளில் எழுதி, உறையில் போட்டு ஒட்டினார். மறுநாள் அதைப் பிரிக்கச் சொல்லி யாரும் வரவில்லை. அதற்கடுத்த நாளும் வரவில்லை. உறையை இழுப்பறையில் வைத்தோம். மேடம் ஒரு வாரம் விடுப்பில் போய்ப் பனங்கற்கண்டுப் பால் குடித்துக் குரலைத் தேற்றிக்கொண்டார். அக்கா நோட்டில் அந்த ஒற்றை வரியை அடிக்கவில்லை. அதன் பின்னால் ஒரு 'னு' சேர்த்து, மேலும் பன்னிரண்டு பக்கம் எழுதினார். போட்டித் தேர்வுக்குப் போன இருவரும் திரும்பி வந்தார்கள். வகுப்புகள் வழக்கம்போல் நடந்தன.

மாதக் கடைசியில் ஒரு சுற்றறிக்கை வந்தது. வேதியியல் கட்டிடத்தின் படிக்கட்டு பணி ஓய்வு பெறுகிறது, அனைவரும் வருக என்றிருந்தது. மேடமும் அக்காவும் நானும் போனோம். படிக்கட்டுக்குச் சந்தன மாலை போட்டு, சால்வை போர்த்தி, நாற்பது ஆண்டுகளில் ஒரு நாளும் விடுப்பு எடுத்ததில்லை என்று துணைவேந்தர் புகழ்ந்தார். நான்கு மணிக்கு அதை ஒரு வேனில் ஏற்றி வீட்டுக்கு அனுப்பினார்கள். மாடியில் இருந்த பேராசிரியர்கள் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து நின்று கைதட்டினார்கள். அவர்களுக்குரிய கேசரியையும் காப்பியையும் கூடையில் வைத்துக் கயிறு கட்டி மேலே அனுப்பினோம். கேசரியில் முந்திரி நிறையப் போட்டிருந்தார்கள்.