முப்பத்தொன்றாம் வாய்

மழைநீர்க் குழாய்கள் ஓடையில் போய் விழுகிற இடத்தை பெல்ட்டன் ஊரில் 'வாய்' என்பார்கள். மொத்தம் நாற்பத்தாறு வாய்கள். மழை ஓய்ந்து எழுபத்திரண்டு மணி நேரம் ஆகிவிட்டால் அத்தனையும் வறண்டு கிடக்க வேண்டும். அதற்குப் பிறகும் ஒரு வாயில் தண்ணீர் வந்தால், மேலே யாரோ ஒரு யோக்கியர் தன் கழிவைத் திருட்டுத்தனமாக மழைக்குழாயில் திருப்பிவிட்டிருக்கிறார் என்று அர்த்தம். அந்த யோக்கியரைக் கண்டுபிடிப்பதுதான் நோரீன் பிக்கெட்டின் வேலை.

நாற்பத்தைந்து வாய்களை அவள் சம்பளத்துக்காகப் பார்த்தாள். முப்பத்தொன்றாவதை மட்டும் வஞ்சம் தீர்ப்பதற்காகப் பார்த்தாள். அதை ஒளித்துப் பேசுவானேன்?

முப்பத்தொன்றாம் வாய்க்கு மேலே, அறுநூறு அடி தள்ளி, வெண்டல் டிராஸ்க்கின் சலவை ஆலை இருந்தது. ஆஸ்பத்திரிப் போர்வை, ஓட்டல் விரிப்பு, கல்யாண மேஜைத்துணி எல்லாம் அங்கேதான் வெளுத்தன. டிராஸ்க் ஊர்மன்ற உறுப்பினரும்கூட. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் முதல் வரிசையில் உட்கார்ந்து, பின்வரிசைக்கும் கேட்கிற குரலில் பாடுவார்.

ஐந்து வருடங்களுக்கு முன் இந்த வேலை நோரீனின் தம்பி லோவெலிடம் இருந்தது. ஓர் அக்டோபர் நாள் முப்பத்தொன்றாம் வாயில் வெதுவெதுப்பான தண்ணீர் நுரையோடு வந்தது. எலுமிச்சை சோப்பு வாசனை வேறு. லோவெல் படிவத்தில் 'கடைசி மழைக்குப் பின் 76 மணி நேரம்' என்று எழுதி, டிராஸ்க்கின் ஆலைமேல் புகார் கொடுத்தான். மன்றக் கூட்டத்தில் டிராஸ்க் ஒரு புகைப்படத்தைத் தூக்கிப் பிடித்தார். அவருடைய பின்முற்றத்துக் கம்பத்தில் ஆணியடித்து மாட்டிய மழைமானி. லோவெல் நுரையைப் பார்த்ததற்கு முந்தின நாள் தேதி. அதில் 0.12 அங்குலம்.

அங்குலத்தில் பத்தில் ஒரு பங்குக்குக் குறைந்தால் சட்டப்படி அது மழையே இல்லை. 0.12 என்றால் மழைதான். ஊருக்குச் சட்டப்படியான கணக்கு நீரேற்று நிலையத்து மழைமானி. அது அந்த வாரம் பார்த்துப் பழுதாகிக் கிடந்தது.

"மழையில அடிச்சிட்டு வந்த நுரைங்க அது. இந்தத் தம்பி காய்ஞ்ச நாள்னு எழுதி என் பொழப்புல மண்ண அள்ளிப் போடப் பாக்குறாரு" என்றார் டிராஸ்க்.

லோவெலின் கோப்பில் 'பொய்ப் பதிவு' என்று சிவப்பு முத்திரை விழுந்தது. வேலை போனது. அதன்பின் அவன் பார்க்கிறவர்களிடமெல்லாம் "அன்னைக்கு மழையே பெய்யலங்க" என்று சொல்லிக்கொண்டு திரிந்தான். கடைவீதியில் அவனைக் கண்டால் ஆட்கள் எதிர்ச்சாரிக்கு மாறினார்கள். மூன்றாவது குளிர்காலத்தில் சமையலறையில் காப்பி போட்டுக்கொண்டிருந்தவன் அப்படியே சாய்ந்தான். நாற்பத்தாறு வயது.

லோவெல் பார்த்த வேலைக்கு நோரீன் விண்ணப்பித்தபோது டிராஸ்க்தான் முதலில் கை தூக்கினார். "குடுக்கலாங்க. குடும்பத்துல ஒருத்தராவது நேர்மையா இருக்கட்டுமே" என்று சொல்லிச் சிரித்தார். நோரீன் எழுந்து நின்று நன்றி சொன்னாள். அந்த முத்திரையை எடுக்க வைக்க வேண்டும், அதையும் டிராஸ்க்கின் வாயாலேயே எடுக்க வைக்க வேண்டும் என்று அன்றைக்கே கறுவிக்கொண்டாள்.

ஆனால் டிராஸ்க் லேசுப்பட்ட ஆளா? லோவெல் விவகாரத்துக்குப் பின் மன்றத்தில் ஒரு விதியைக் கொண்டுவந்திருந்தார். எந்த ஆலைக்குள் சாயச்சோதனை செய்வதானாலும், அதாவது சாக்கடையில் பச்சைச் சாயத்தை ஊற்றி அது ஓடையில் வருகிறதா என்று பார்ப்பதானாலும், உரிமையாளருக்கு முன்கூட்டியே கடிதம் போக வேண்டும். கடிதம் சொல்கிற பத்து நாளுக்குள் ஏதாவது ஒரு காய்ந்த நாளில் வரலாம். நோரீன் நான்கு முறை கடிதம் அனுப்பினாள். நான்கு முறையும் கடிதம் போய்ச் சேர்ந்த அன்றே முப்பத்தொன்றாம் வாய் வறண்டுபோனது. பத்து நாள் முடிந்த மறுநாள் மறுபடி ஒழுகியது. டிராஸ்க் குழாய்க்குள் காற்றடைத்த ரப்பர் அடைப்பைச் செருகிவிட்டு, பின்கட்டில் இருக்கிற ஆறு பழைய இயந்திரங்களை நிறுத்திவைக்கிறார் என்று ஊகிக்கப் பெரிய படிப்பு வேண்டியதில்லை. நிரூபிக்கத்தான் வழியில்லை.

வழி கிடைத்தது டாட்டியின் காப்பிக்கடையில்.

அங்கே கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு கரும்பலகை தொங்கும். டிராஸ்க் தினமும் காலையில் வந்து, தன் மழைமானியின் அளவை அதில் சாக்பீஸால் எழுதுவார். அதில் அவருக்கு அப்படி ஒரு பெருமை. நோரீன் ஒன்றரை வருடம் அந்த எண்ணைத் தன் நோட்டில் எழுதி, பக்கத்திலேயே நீரேற்று நிலையத்து எண்ணையும் எழுதிவந்தாள். ஆலை மூடியிருக்கும் ஞாயிற்றுக்கிழமைகளில் இரண்டும் அச்சாகப் பொருந்தின. வேலைநாட்களில், அதிலும் குளிர்ந்து மூட்டம் போட்ட நாட்களில், டிராஸ்க்கின் முற்றத்தில் மட்டும் மழை தாராளமாகப் பெய்தது.

ஒரு நாள் ஓடைக்கரையில் நின்று பைனாகுலரில் அந்த முற்றத்தைப் பார்த்தாள். மழைமானி மாட்டிய கம்பம் தெரிந்தது. அதற்கு நேர்மேலே என்ன இருக்கிறது என்பதும் தெரிந்தது. அன்று இரவு அவள் இரண்டு துண்டு ஆப்பிள் பை சாப்பிட்டாள்.

அக்டோபரில், கல்லூரியின் ஹோம்கமிங் வாரத்துக்கு என்று பார்த்து ஐந்தாவது கடிதத்தை அனுப்பினாள். பழைய மாணவர்கள் குடும்பத்தோடு வந்து இறங்குகிற வாரம். ஊரில் ஒரு ஓட்டல் அறை காலி இருக்காது.

திங்களன்று வாய் வறண்டது. செவ்வாய், புதன், வியாழன் அதே கதை. டிராஸ்க்கின் முற்றத்தில் அழுக்கு விரிப்பு வண்டிகள் ஒன்றன்பின் ஒன்றாகச் சேர்ந்துகொண்டே போயின. நோரீனும் அவளோடு வேலை செய்யும் ரூடி சபாட்காவும் தெருமுனையில் டிரக்கை நிறுத்தி வேடிக்கை பார்த்தார்கள். ரூடிக்கு ஓய்வு பெற எட்டு மாதம்தான் இருந்தது. அதுவரை வாயைத் திறப்பது சாப்பிடத்தான் என்று இருப்பவன்.

"ஏ நோரீன், உள்ள போயி சாயத்த ஊத்திட்டு வந்துடலாமா? வாசல்லயே உக்காந்திருக்கோம், பொண்ணு பாக்க வந்தவங்க மாதிரி."

"இன்னைக்கு ஊத்தினா ஒண்ணும் வராது. அடச்சு வச்சிருக்கான்."

"அப்ப என்னத்துக்குக் காத்திருக்கோம்?"

"மழைக்கு."

"மழை பெஞ்சா மூணு நாளு நாம வர முடியாதே. அவனுக்குத்தானே கொண்டாட்டம்?"

"நல்லாக் கொண்டாடட்டும்" என்றாள் நோரீன். ரூடி அவளை ஒரு மாதிரி பார்த்துவிட்டு சாண்ட்விச்சுக்குத் திரும்பினான்.

வெள்ளிக்கிழமை காலை மூட்டம். குளிர் விரலைக் கடித்தது. ஏழு மணிக்கு நாலு தூறல் விழுந்து, டிரக்கின் கண்ணாடியைக்கூட முழுதாக நனைக்காமல் நின்றுவிட்டது. நீரேற்று நிலையத்து மழைமானியில் 0.02. எட்டே காலுக்கு அலுவலகத் தொலைபேசி அடித்தது.

"என்னம்மா நோரீன், பாத்தியா? வானம் தொறந்துடுச்சு" என்றார் டிராஸ்க். குரலில் தேன் வழிந்தது.

"உங்க பக்கம் எவ்வளவு பெஞ்சுதுங்க?"

"பாயிண்ட் ஒண்ணு நாலு. இப்பத்தான் என் கண்ணால பாத்துட்டு வரேன். பாவம், திங்கக்கிழமை வரைக்கும் உனக்கு வேலையில்ல போ. சட்டம் சட்டம்தானேம்மா."

"ஆமாங்க, சட்டம் சட்டம்தான். பாயிண்ட் ஒண்ணு நாலு. எழுதி வச்சுக்கறேன்."

அவள் பொய் சொல்லவில்லை. வரமாட்டேன் என்றும் சொல்லவில்லை. நீரேற்று நிலையத்துக்கு ஒரு போன் போட்டிருந்தால் டிராஸ்க்குக்கே விஷயம் தெரிந்திருக்கும். தன் மழைமானி இருக்க இன்னொருத்தனை அவர் ஏன் கேட்கப்போகிறார்!

மதியம் பன்னிரண்டரைக்கு முப்பத்தொன்றாம் வாய் பேசியது. வெதுவெதுப்பான தண்ணீர், முழங்கால் உயரத்துக்கு நுரை, எலுமிச்சை வாசனை. ஐந்து நாள் அழுக்கை ஆறு இயந்திரமும் சேர்ந்து கக்கிக்கொண்டிருந்தன. ரூடியை ரேடியோவோடு அங்கேயே நிறுத்திவிட்டு, நோரீன் சாயப் புட்டியோடு ஆலைக்குள் நுழைந்தாள். தடுக்க வந்த மேஸ்திரியிடம் கடிதத்தின் நகலை நீட்டினாள். பின்கட்டுக்குப் போய், இயந்திரங்களுக்குப் பின்னால் ஓடுகிற தரைச் சாக்கடையில் அரைப் புட்டி சாயத்தைக் கவிழ்த்துவிட்டு மணி பார்த்தாள். ஒன்று பத்து.

கால் மணி கழித்துத்தான் டிராஸ்க் அலுவலக அறையிலிருந்து ஓடிவந்தார். வாயோரத்தில் மயோனைஸ் ஒட்டியிருந்தது.

"ஏம்மா, உனக்கென்ன பைத்தியமா? இன்னைக்கு மழைநாளு! இந்தச் சோதனை செல்லாது!"

"நீரேற்று நிலையத்துல பாயிண்ட் ஜீரோ ரெண்டுதாங்க. மழையே இல்ல."

"என் மானியில ஒண்ணு நாலு! உன் தம்பி செஞ்ச அதே அயோக்கியத்தனத்த நீயும் செய்யறியா?"

அந்த ஒரு வார்த்தைக்காக அவரை அங்கேயே அறைந்திருப்பாள். அதற்குள் ரேடியோ கரகரத்தது.

"நோரீன்! பச்சை! ஓடையே பச்சையாப் போச்சு! பாலத்து மேல ஹோம்கமிங் கூட்டம் முழுக்க நின்னு போட்டோ எடுக்குது. நம்ம மேயர் அம்மாவும் நிக்கிறாங்க!"

சாயம் ஓடைக்கு வரப் பத்தொன்பது நிமிடம். நோரீன் அதை எழுதிக்கொண்டாள். சந்தோஷத்தில் அவளுக்குக் காது அடைத்தது.

"செல்லாது" என்றார் டிராஸ்க் மறுபடியும். ஆனால் குரலில் தேன் வற்றியிருந்தது. "நான் மன்றத்துல என் மானியக் காட்டுவேன்."

"எனக்கும் காட்டுங்களேன். வாங்க."

முற்றத்துக்குப் போனார்கள். மழைமானி 0.31 காட்டியது. ஏழு மணித் தூறலுக்குப் பிறகு ஊரில் ஒரு சொட்டு விழவில்லை. நோரீன் அதைக் கழற்றிக் கவிழ்த்தாள். சட்டைக் கையால் உள்ளே துடைத்துவிட்டு அதே ஆணியில் மாட்டினாள். பிறகு பையிலிருந்த தன் மூடிபோட்ட காப்பிக் கோப்பையையும் காலிசெய்து துடைத்து, பத்தடி தள்ளி மதில்மேல் திறந்து வைத்தாள்.

"என்னம்மா பண்ற?"

"மழை பாக்கறேன். நீங்களும் நில்லுங்க. ஓடையில தண்ணி தெளியற வரைக்கும் மெஷினையும் நிறுத்தக் கூடாது, நீங்களும் நகரக் கூடாது. நகந்தீங்கன்னா உரிமையாளர் ஒத்துழைக்கலன்னு எழுதிடுவேன். சட்டம் சட்டம்தானே."

கம்பத்துக்கு மேலே உலர்த்து இயந்திரங்களின் புகைக்கூண்டு ஆவியைத் தள்ளியது. எட்டு வருடங்களுக்கு முன் புது இயந்திரங்கள் வந்தபோது அவர் வைத்த கூண்டு அது. குளிரில் ஆவி தகரத் தாழ்வாரத்தின் விளிம்பில் பட்டு வேர்த்தது. விளிம்பில் ஒரு துளி திரண்டு, சற்றுநேரம் தொங்கி, மழைமானிக்குள் விழுந்தது. பின்னாலேயே இன்னொன்று.

டிராஸ்க் மேலே பார்த்தார். கீழே பார்த்தார். மதில்மேல் இருந்த கோப்பையைப் போய் எட்டிப் பார்த்தார். அது துளி ஈரமில்லாமல் காய்ந்திருந்தது. அவர் முகம் வெளிறியது, தன் ஆலையில் வெளுத்த துணியைப்போல.

"எனக்குத் தெரியாதும்மா" என்றார். "சத்தியமாத் தெரியாது. நான் நெசமாவே மழைன்னுதான் நெனச்சேன்."

அது உண்மைதான் என்று நோரீனுக்குத் தெரியும். அதனால் அவள் மனம் ஒரு இம்மியும் இளகவில்லை. "உங்க சாக்கடைய மழைக்குழாயில சேத்தது தெரியுமில்ல? ரப்பரச் செருகினது தெரியுமில்ல? லோவெல் பாத்தது உங்க சோப்புத் தண்ணின்னு அன்னைக்கே தெரியுமில்ல?"

அவர் கம்பத்துப் பக்கம் திரும்பிக்கொண்டார். மழைமானியில் 0.04.

அவர் குரலைத் தாழ்த்தினார். "இதப் பாரு. அந்த முத்திரைய நானே எடுக்க வச்சுடறேன். கமுக்கமா முடிச்சுடலாம். நீ இந்தச் சோதனைய மட்டும்…"

"கமுக்கமாவா? அவன ஊரக் கூட்டி வச்சுதானே பொய்யன்னீங்க? அதே கூட்டத்துல, அதே இடத்துல நின்னு, 'லோவெல் பிக்கெட் எழுதினது நெசம், நான் காட்டினது என் ஆலை ஆவி'ன்னு உங்க வாயால சொல்லணும். சோதனை அறிக்கையும் போகும். ரெண்டும் நடக்கும்."

"அவன்தான் செத்துட்டானேம்மா. இனிமே யாருக்காக இதெல்லாம்?"

"எனக்காக" என்றாள் நோரீன். அதைச் சொல்லும்போது அவள் குரல் உடைந்தது. உடைந்ததைப் பற்றி அவள் வெட்கப்படவில்லை.

மணி இரண்டரை ஆனது. ரேடியோவில் ரூடி, தண்ணீர் தெளிந்துவிட்டது, கிளம்பலாமா என்று கேட்டான். டிராஸ்க் ஆலைப் பக்கம் திரும்பினார். அவருடைய ஷூ நுனி ஈரமாகியிருந்தது.

"முடிஞ்சுதில்ல? நான் உள்ள போறேன். குளிருது."

"சட்டப்படி முடிஞ்சுது" என்றாள் நோரீன். "இப்ப நான் கேக்கறேன், நில்லுங்க. பாயிண்ட் ஒண்ணு ரெண்டு வரட்டும். அந்த நம்பர்லதான் என் தம்பி போனான்."

இனி நிற்க வேண்டும் என்று எந்த விதியும் இல்லை. அவருக்கும் அது தெரியும், விதி போட்டவரே அவர்தானே. ஆனாலும் அவர் போகவில்லை. கைகளைக் கோட்டுப் பைக்குள் விட்டுக்கொண்டு, தலையைக் குனிந்து, அந்தப் பிளாஸ்டிக் மழைமானியையே பார்த்துக்கொண்டு நின்றார்.

தகர விளிம்பில் அடுத்த துளி திரண்டது. மானியில் 0.11 இருந்தது.