கிளட்ச் கால்

...இல்லை, 'நன்றி' என்று சொன்னால் மேடையில் மைக்கைப் பிடித்த மாதிரி ஆகிவிடும், 'தேங்க்ஸ்' என்பது பேனாவை இரவல் கொடுத்தவருக்குச் சொல்வது, ஒரு காலையே திருப்பிக் கொடுத்தவருக்கு அது எப்படிப் போதும்... மருத்துவமனை வராந்தாவில், டாக்டரம்மாவின் அறைக்கு நேர் எதிரே, ஓய்வு பெற்ற பஸ் டிரைவர் வார்த்தைகளை வாய்க்குள் போட்டு மிட்டாய் மாதிரி உருட்டிக்கொண்டிருந்தார், இன்றோடு சரி, இனிமேல் வரவேண்டாம் என்று சொல்லிவிடுவார்கள், அப்புறம் எங்கே பார்ப்பது, இவர் என்ன அத்தை மகளா, கல்யாணம் காட்சியில் பார்த்துச் சொல்லிக்கொள்ள? ஒவ்வொரு தடவையும் வாயெடுத்தார்தான், ஒவ்வொரு தடவையும் தொண்டையில் யாரோ பிரேக் போட்டார்கள், பிரேக்கே இல்லாத பஸ்ஸை மலையிலிருந்து இறக்கிய மனுஷன் அவர் (சரி, பிரேக் கொஞ்சம் லூஸ், அவ்வளவுதான், அதை அப்படியே சொன்னால் கேட்கிறவனுக்கு என்ன ருசி?), இந்த ஒரு வார்த்தையை இறக்க முடியவில்லையே... "என்னங்க, உதடு அசையுது, யாரத் திட்டுறீங்க?" என்றாள் மனைவி. டாக்டரம்மாவுக்கு நன்றி சொல்ல ஒத்திகை பார்க்கிறேன் என்றார். "வாய்க்கு என்னங்க ஒத்திகை, உங்க உடம்புல ஆபரேஷனே தேவைப்படாத ஒரே பார்ட் அதுதானே" என்று சொல்லிவிட்டு மருந்துச் சீட்டை எடுத்துக்கொண்டு கீழே மருந்து வாங்கும் வரிசைக்குப் போனாள்.

போகட்டும், அவளுக்குச் சொல்ல உரிமை உண்டு... ஆபரேஷனுக்கு முன்னால் அந்த இடது முட்டி போட்ட சத்தம் இருக்கிறதே, துருப்பிடித்த கேட் தோற்றுப்போகும், அவர் எழுந்தால் மாடி வீட்டுக்காரர் யாரோ வந்திருக்கிறார்கள் என்று பால்கனியிலிருந்து எட்டிப்பார்ப்பார், படியில் பின்பக்கமாகத்தான் இறங்குவார், "ரிவர்ஸ் எடுக்கிறேன், ஹாரன் அடிங்கப்பா" என்பார், எல்லோரும் சிரிப்பார்கள், சிரிக்கட்டும் என்றுதானே சொன்னது. சொல்லாதது ஒன்று இருந்தது. காலையில் அவர் குனிய முடியாமல் கட்டில் விளிம்பில் உட்கார்ந்திருக்கும்போது அவள் தரையில் உட்கார்ந்து அவருடைய பாதத்தைத் தன் மடியில் வைத்துச் செருப்பை மாட்டிவிடுவாள், மாட்டும்போது கத்தரிக்காய் விலையையோ தண்ணீர் வராததையோ பற்றி ஏதாவது பேசிக்கொண்டே இருப்பாள், அவருக்குக் கூச்சம் வந்துவிடக் கூடாதென்று... அதை எதைக்கொண்டு பெரிதாக்குவது? அது ஏற்கெனவே பெரிதாகத்தான் இருந்தது.

அப்புறம் ஆபரேஷன், பழைய முட்டியை எடுத்துவிட்டுப் புதுசு, மறுநாள் கால் கட்டிலில் கிடக்கிறது, பயணி யாரோ மறந்துவிட்டுப் போன மூட்டை மாதிரி, நர்ஸ் மடக்குங்க என்கிறாள், பயிற்சி கொடுக்கிற பையன் நீட்டுங்க என்கிறான், கால் எவன் பேச்சையும் கேட்கவில்லை, அவ்வளவுதானா, வாழ்நாள் முழுக்கப் பாதம் மனைவியின் மடியில்தானா என்று தலையணைக்குள் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அப்போதுதான் டாக்டரம்மா வந்தார், பார்த்தார், என்ன வேலை செய்தீர்கள் என்று கேட்டார், ஒரு தலையணையைக் கால்மாட்டில் நிறுத்தி இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு ஒரு அதட்டல், "முன்னாடி லாரி நிக்குது, கிளட்ச்ச மிதிங்க!" மிதித்தாரே! யோசிக்கவே இல்லை, இடது கால் தானாகப் போய் மிதித்தது, வலது கால் பிரேக்கைத் தேடியது, வாய் "ஓரம் போய்யா!" என்று கத்தியது, நர்ஸ் நிஜமாகவே ஓரம் போனாள். "இப்ப மெதுவா விடுங்க" என்றார் டாக்டரம்மா, முட்டி மெதுவாக மடங்கியது... டீக்கடையில் இதைச் சொல்லும்போது லாரி பெட்ரோல் லாரியாகி, நேற்றைய நிலவரப்படி தீப்பிடித்தும் எரிகிறது.

கூப்பிட்டுவிட்டார்கள். உள்ளே போனதும் டாக்டரம்மா எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, நடந்து காட்டுங்க டிரைவர் சார் என்றார், அவரும் நடந்தார், திறப்பு விழாவுக்கு வந்த மந்திரி மாதிரி சுவருக்கும் கதவுக்கும், திரும்புகிற இடத்தில் ஒரு ஸ்டைல் வேறு, இப்போது சொல்லிவிட வேண்டும், இதோ நாக்கு நுனியில்... பக்கவாட்டில் பார்க்கிறேன் என்று டாக்டரம்மா எழுந்தார். எழுந்த விதம். இரண்டு உள்ளங்கையும் மேஜையில், பாரம் முழுக்க ஒரு பக்கம், மூச்சைப் பிடித்து ஒரு நொடி, அப்புறம் ஒன்றுமே நடக்காத மாதிரி ஒரு புன்னகை... அந்தப் புன்னகை டிரைவருடையது அல்லவா? எத்தனை வருஷம் போட்டுக்கொண்டு திரிந்தது! நாக்கு நுனியில் இருந்தது எங்கேயோ போய்விட்டது, "எந்தக் காலும்மா?" என்றுதான் வந்தது.

டாக்டரம்மா கதவைப் பார்த்தார், பிறகு அவரை. "வலது. நாள் முழுக்க நின்னு நின்னு... வெளிய சொல்லிடாதீங்க சார், அப்புறம் என்கிட்ட யாரு வருவா?" சிரித்தார். நீங்களும் பண்ணிக்கக் கூடாதா என்று கேட்டார் டிரைவர். "நல்லா பண்ற ஆள் இந்த ஊர்ல நான்தான், என் கால் எனக்கு எட்டலையே" என்றார், அதற்கும் சிரித்தார், பிறகு எக்ஸ்ரேயைக் கவரில் போட்டுக்கொண்டே, தலை நிமிராமல், "பயமா இருக்கு சார்" என்றார்.

டிரைவர் படிக்கட்டில் நேராக, முன்பக்கமாக, கம்பியைத் தொடாமல் இறங்கினார், கீழே மனைவி மருந்துப் பையோடு நின்றாள், "சொல்லிட்டீங்களா?" இல்லை என்று தலையாட்டினார். "அப்ப இவ்ளோ நேரம் உள்ள என்னதான் பேசினீங்க?" அவர் வாயைத் திறந்தார். எப்பேர்ப்பட்ட கதை, பெட்ரோல் லாரியெல்லாம் இதற்கு முன்னால் சைக்கிள், டீக்கடை அப்படியே எழுந்து நிற்கும், நிற்காதா?... வாயை மூடினார். "ஒண்ணுமில்ல, சும்மா" என்றார். அவள் உற்றுப் பார்த்தாள், நெற்றியைத் தொட்டுக்கூடப் பார்த்தாள். இந்த வாய் இதுவரை எதையும் தெருமுனை வரைக்கும்கூடத் தாங்கியதில்லையே, எவ்வளவு நாள் தாங்கும், யார் போய் அந்தம்மாவுக்குத் தலையணையைப் பிடிப்பார்கள், வாயை மூடிக்கொண்டிருப்பதுதான் அவர் சொல்ல வந்த அந்த ஒரு வார்த்தையோ, அல்லது...