பதினாறு புள்ளிகள்

திருகோணமலைத் துறைமுகத்தைப் பார்த்த அந்த அலுவலகத்தில் பகல் பதினொரு மணிக்கு எல்லோரும் தேத்தண்ணி குடிக்க எழும்பிவிட்டார்கள். ஷிஃபானா மட்டும் கணினியை விட்டு அசையவில்லை. மண்ணில் ஒட்டியிருக்கும் வாயுவின் அளவுகளை வைத்து, நிலத்தடியில் எண்ணெய் இருக்குமா என்று வரைபடம் போடுவது அவள் வேலை. ஈச்சிலம்பற்றுப் பக்கத்துப் பற்றைக்காட்டின் படத்தில் ஒன்பதாம் புள்ளியிலிருந்து இருபத்துநாலு வரை செக்கச்செவேலென்று சிவந்திருந்தது. அதைக் கண்ட முகாமையாளர் தலைகால் தெரியாமல் துள்ளி, அங்கே இன்னும் நெருக்கமாக மண் எடுக்கச் சொல்லி இன்று விடியவே இரண்டாவது குழுவை அனுப்பிவிட்டார். அந்தக் குழுவை அழைத்துப் போனவன் அஸாம், ஷிஃபானாவின் கணவன்.

அவளுக்கு அந்தச் சிவப்புப் பிடிக்கவில்லை. சிவப்பு என்றால் மீதேன் நிறைய. மீதேனோடு ஈதேனும் புரோப்பேனும் சேர்ந்து வந்தால்தான் எண்ணெய்க்கு அறிகுறி. இங்கே அவை மருந்துக்கும் இல்லை. தனி மீதேன் என்றால், வயல் சேற்றில் வைக்கோல் அழுகினால் வருவது. காய்ந்த பற்றைக்காட்டில் சேறு எங்கிருந்து வரும்? அதுவும் மண் நிரப்பி வந்த பதினாறு போத்தலிலும் அச்சொட்டாக ஒரே அளவு. மண் அவ்வளவு ஒழுக்கமான பிள்ளை இல்லை, பத்து அடி தள்ளித் தோண்டினாலே வேறு கதை சொல்லும்.

அவள் எழும்பி வெளியே வந்தாள். முதல் குழுவில் போய் அந்தப் போத்தல்களை நிரப்பி வந்த ரஜீவன் விறாந்தையில் நின்றான்.

"ரஜீவன், உண்மையைச் சொல்லுங்க. ஒன்பதில இருந்து இருபத்துநாலு மட்டும் எங்க தோண்டினீங்க?"

அவன் கோப்பையைக் கீழே வைத்தான். "வயல் வரம்பில, மிஸ். ஒரே கிடங்கு வெட்டிப் பதினாறு போத்தலையும் நிரப்பினன். காட்டுக்குள்ள பழைய மிதிவெடி எச்சரிக்கைப் பலகை ஒண்டு விழுந்து கிடந்தது. அங்கால கால் வைக்க ஏலாமப் போச்சு. சொன்னா வேலை போயிடுமெண்டு பயந்திட்டன். திரும்ப ஆரும் போவினமெண்டு நினைக்கேல்ல."

முதல் குழு பதினாறு இடத்தில் தோண்டிவிட்டு முழுசாகத் திரும்பியது என்ற துணிச்சலில்தான் அஸாம் போயிருந்தான். நேற்று அந்தப் படத்தை அவன் கையில் கொடுத்ததும் அவள்தான்.

அஸாமுக்கு மூன்றாம் தரம்தான் லைன் கிடைத்தது. "நில்லுங்க! கால எடுக்காதீங்க! எல்லாரையும் நிக்கச் சொல்லுங்க. அங்க மிதிவெடி இருக்கு. முதல் குழு உள்ளுக்கு வரவேயில்ல!"

அஸாம் எல்லோரையும் நிற்கச் சொல்லிக் கத்துவது கேட்டது. பிறகு மூச்சு வாங்கியபடி, "நிண்டிட்டம். பதினாலாம் புள்ளியில நிக்கிறம். வந்த வழியால திரும்பட்டா?"

"வந்த தடம் தெரியுதா?"

"இல்ல. எல்லாம் சருகு."

"அப்ப அசையாதீங்க. வெடி எடுக்கிற ஆக்களுக்குச் சொல்றம்." பின்னால் ரஜீவன் அழுதழுது யாரிடமோ போனில் இடம் சொல்லிக்கொண்டிருந்தான்.

"எவ்வளவு நேரமாகும்?"

"கொஞ்ச நேரம்." ஒன்றரை மணி நேரத்துக்குக் குறையாது என்று இரண்டு பேருக்கும் தெரியும்.

அஸாமின் குரல் தாழ்ந்தது. "ஷிஃபானா, மண் தோண்ட வந்த ஸாஜித் இன்னும் முன்னால நடந்து போறான். காதில பாட்டு மாட்டியிருக்கான். கூப்பிட்டாக் கேக்குதில்ல."

"அவர் போகட்டும்," என்றாள். சொன்ன வாயை அந்தக் கணமே வெறுத்தாள். ஆனாலும் மறுபடி சொன்னாள். "போகட்டும். நீங்க நில்லுங்க."

"நான்தானே அவனைக் கூட்டிவந்தது."

அஸாமின் காலடியில் சருகு நொறுங்கும் சத்தம் ஒன்று கேட்டது. பிறகு இன்னொன்று. ஷிஃபானா போனைக் காதோடு இறுக்கிக்கொண்டு, ஒவ்வொரு அடிக்கும் அவன் பெயரைச் சொன்னாள்.