அடியில் பூசின குழி

அவனியாபுரத்தில் காளை குடியிருந்த தெரு கிண்ணம் மாதிரி. மேட்டுத் தெருவெல்லாம் சிமெண்டு ரோடானதிலிருந்து, அரைமணி நேரம் மழை பெய்தால் போதும், அம்புட்டுத் தண்ணியும் கடைசி வீடான அவன் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்துகொள்ளும். அதனால்தான் மழைத்தண்ணியைப் பூமிக்குள் இறக்க அதே தெருவில் நாலு உறிஞ்சு குழி வெட்டுகிறார்கள் என்றதும், கூப்பிடும் முன்னே வேலைக்குப் போய் நின்றான். பன்னிரண்டு அடியில் பருமணல் தட்டியது. ஒரு குடம் தண்ணி ஊற்றிப் பார்த்தான். வெற்றிலை போடும் நேரத்தில் மண் குடித்துவிட்டது.

திருவாதவூரில் ஒரு சாவுக்குப் போனான். மூணு நாள் கழித்து வந்து எட்டிப் பார்த்தால், நாலு குழிக்கும் அடியில் காங்கிரீட் போட்டு வழவழவென்று பூசியிருந்தது.

“என்னண்ணே இது?” என்றான் மேஸ்திரி செல்வக்குமாரிடம்.

“ஆபீசர் போட்டோ எடுக்க வாராரு மாப்ள. மண்ணாக் கிடந்தா நல்லாவா இருக்கும்? இப்பப் பாரு, சோறே போட்டுத் திங்கலாம்.”

“தண்ணி எங்கிட்டுண்ணே இறங்கும்?”

“குழிக்குள்ள நிக்கும். நிக்கட்டுமே, உனக்கென்ன நோவுது?”

அன்று சாயங்காலமே மழை பிடித்துக்கொண்டது. பத்து நிமிடத்தில் நாலு குழியும் நிரம்பி வழிந்து, தண்ணி நேரே வீட்டுக்குள் வந்தது. அவன் பெண்டாட்டி நாகஜோதியின் தையல் மிஷின் மோட்டார் முங்கிப்போனது. அவள் ஜாக்கெட் துணிகளைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு நின்றாள்.

“ரொம்ப நல்லா வெட்டியிருக்க. ஊருத் தண்ணி ஒரு சொட்டு வழி தவறாம வந்துருச்சு” என்றாள்.

மண் குடிக்கத் தயாராகத்தான் இருந்தது. அதன் வாயில் சிமெண்டை அப்பிவிட்டார்கள்.

விடிந்ததும் காளை முதல் குழியை வாளியால் இறைத்தான். முழங்கால் தண்ணி மிச்சமிருக்கும்போதே கடப்பாரையோடு உள்ளே இறங்கிவிட்டான்.

சத்தம் கேட்டு ஓடிவந்த செல்வக்குமார் மேலேயிருந்து கத்தினான். “மேல வாடா. பதினோரு மணிக்கு ஆபீசர் வாராரு.”

“வரட்டும்ணே. என்னையும் சேத்துப் போட்டோ எடுக்கட்டும்.”

“இனிமே உனக்கு எங்கிட்ட வேலை கிடையாது, பாத்துக்க.”

“இதை முடிச்சிட்டுப் போறேன்.”

ஏழாவது குத்தில் தளம் பிளந்தது. முழங்கால் தண்ணி கணுக்காலுக்கு வந்தது, பிறகு அதுவும் இல்லை. அவன் ஏறி வந்தபோது, நாகஜோதியும் பக்கத்து வீட்டுச் சோலையம்மாளும் இரண்டாவது குழியைப் பாதி இறைத்திருந்தார்கள்.

செல்வக்குமார் போனைக் காதில் வைத்துக்கொண்டு குழி ஓரத்திலேயே நின்றான்.

“தள்ளி நின்னு பேசுங்கண்ணே” என்று சொல்லிவிட்டு, நாகஜோதி அடுத்த வாளியை உடைத்த குழிக்குள் கவிழ்த்தாள்.