ஆழிமனையில் ஒரு மணம்

பண்ணைக் கடலின் ஆழமில்லாப் பரப்பின்மேல் மாலைக் கதிரவன் தன் செம்பொன்னையெல்லாம் கொட்டிக் கவிழ்த்துவிட்டு விடைபெறக் காத்திருந்த வேளை அது. இறால் வலைகளைத் தாங்கிய கழிகள் நீரின்மேல் நெடுநிழல் வரைந்து நிற்க, கோட்டை மதிலின் பவழக்கல் விளிம்பில் கொக்கினம் வெண்மாலை சூட்டியதுபோல் வரிசையாய் அமர, தீவுகளிலிருந்து மக்களைச் சுமந்துவந்த பேருந்துகள் கடலை ஊடறுக்கும் தாம்போதிச் சாலை வழியே நகருள் நுழைய, யாழ்ப்பாணம் தன் பகற்பரபரப்பைக் களைந்து மாலையின் மென்மையை உடுத்துக்கொண்டிருந்தது. அந்நகரின் மேற்குக் கரையிலே, மலையாளக் கரைக்குப் புகையிலை ஏற்றியும் இரங்கூனிலிருந்து தேக்கு இறக்கியும் பெருஞ்செல்வம் ஈட்டிய கப்பல் வணிகர் ஒருவர் நூறாண்டுகளுக்கு முன் எழுப்பிய ஆழிமனை, போரின் குண்டுகளால் கூரையிழந்து, மழைக்கும் ஆலஞ்செடிக்கும் நெடுங்காலம் இரையாகிக் கிடந்து, இப்போது புதுச் சுண்ணத்தின் வெண்மையோடு நோயினின்று எழுந்த பேரழகியைப்போல் கடலை நோக்கி நின்றது.

நற்றமிழ் நெஞ்சத்தீர், பொதுப்பார்வைக்குத் திறந்திருந்த அம்மனையை அன்று காண வந்தோருள் மூவரை மட்டும் உடன் தொடர்வோம். ஐம்பத்தைந்து அகவையைக் கடந்த ஸபூரா, அவள் கணவர் நளீர், அடுத்த திங்களில் மணமகளாகவிருந்த அவர்களின் இளையமகள் றுக்ஷானா. முஸ்லிம்கள் வாழ்ந்த சோனகத் தெருவில் பிறந்து, தொண்ணூறாம் ஆண்டில் தம் இனத்தார் அனைவரோடும் ஊரைவிட்டு விரட்டப்பட்டு, புத்தளத்து உவர்மண்ணில் கீற்றுக்குடிலில் வாழ்வைத் தொடங்கி, தலை நரைக்கத் தொடங்கிய பின்னரே பிறந்த தெருவுக்குத் திரும்பியவர்கள் அவர்கள்.

ஸபூராவுக்கு ஆழிமனை வெறும் காட்சிப்பொருள் அன்று. அம்மனையின் அந்நாளைய உரிமையாளர் நளீரின் தந்தைக்கு வணிகத்தோழர். நண்பர் மகனின் திருமணம் தம் மணக்கூடத்திலேயே நிகழவேண்டும் என்று அவரே விரும்பிக் கேட்டிருந்தார். கூடத்துக்கு வெள்ளையடித்தாகிவிட்டது, மணநாளுக்கு ஒரு கிழமையே எஞ்சியிருந்தது. அந்நிலையில்தான் தெருமுனையில் ஒலிபெருக்கி முழங்கிற்று. படைக்கலம் ஏந்தியோர் வாயில்தோறும் நின்றனர். உடுத்த உடையோடு நடந்த ஊரோடு அவளும் நடந்தாள். அவளுடைய மணம், மாதங்கள் சில கழித்து, கடன்வாங்கிய பாயின்மேல், ஒழுகும் கீற்றின்கீழ் நிகழ்ந்தது.

முன்கூடத்தின் செந்தரையையும், விருந்துக்கூடத்தின் நீண்ட தேக்குப் பலகைகளையும் கண்டு வியந்தவாறு மூவரும் மணக்கூடத்தை அடைந்தனர். அங்கே வண்ணக்கண்ணாடிச் சாளரங்கள் மாலையொளியை மாணிக்கமாயும் மரகதமாயும் நீலமாயும் பிரித்துத் தரையெங்கும் இறைத்துக்கொண்டிருந்தன. பனங்கைமரக் கூரையினின்று பித்தளை விளக்குகள் தொங்கின. நடுவே, கருங்காலியிற் கடைந்த தூண்கள் நான்கு சூழ, மணமேடை அமைந்திருந்தது. அதன்குறுக்கே, எவரும் நெருங்காதவாறு, சிவந்த பட்டுக்கயிறு கட்டப்பட்டிருந்தது. ஸபூரா கயிற்றின் இப்புறம் நின்று பார்த்தாள். பார்க்கப் பார்க்க, தான் அணியாமற்போன பட்டின் சரசரப்பு தன் காதிலே கேட்பதுபோல் இருந்தது அவளுக்கு.

அப்போது வாயிற்காவலர் சீவரத்தினம் எட்டிப்பார்த்து, யாரையும் புண்படுத்தும் எண்ணம் சிறிதுமின்றி, நாள்தோறும் சொல்வதைச் சொன்னார்:

“நேரமாச்சுது. எல்லாரும் வெளிக்கிடுங்கோ.”

ஊரைவிட்டு வெளியேறும்படி ஒலிபெருக்கி அன்று சொன்ன அதே சொல்! ஸபூராவின் முகம் வெளிறிற்று; பின்பு சிவந்தது. அவள் கயிற்றைத் தாண்டினாள். மணமேடையில் ஏறி, நடுவிலே அமர்ந்தாள்.

“நான் வெளிக்கிட மாட்டன்.”

நளீர் பதறிப்போனார். திரும்பிவந்த நாள்முதல் இந்நகரில் தாழ்ந்த குரலில் பேசி, ஓரமாய் நடந்து பழகியவர் அவர். “ஸபூரா, எழும்பு. கரைச்சல் வேண்டாம். போவம்” என்று கெஞ்சினார். ஆனால் றுக்ஷானா தந்தையின் கையை மெல்ல விலக்கிவிட்டு, தானும் கயிற்றைக் கடந்து தாயின் அருகே சென்று அமர்ந்தாள்.

செய்தி அறிந்து விரைந்துவந்தார் மீனாம்பிகை. உடுப்பிட்டியில் பிறந்து இந்நகரில் வாழ்ந்த ஓய்வுபெற்ற ஆசிரியை. சிதைந்த மனையை மீட்க ஊர்ஊராய் அலைந்து துணைதிரட்டி, ஒவ்வொரு கல்லும் ஏறக் கண்டு நின்றவர். கோவிலுள் செருப்போடு நுழைந்தோரைக் கண்டவர்போல் அவர் கண்கள் கனன்றன.

“இந்த மேடையிலை ஆரும் இருக்கக் கூடாதெண்டு தெரியாதோ? எட்டு வருஷம் பாடுபட்டு எழுப்பினது. இது பார்க்கிற இடம் அம்மா, புழங்கிற இடமில்லை.”

“நான் இதிலை மணப்பெண்ணா இருக்க வேண்டினவள்,” என்றாள் ஸபூரா. “அடுத்த கிழமை கலியாணம் எண்டிருக்கேக்கை எங்களை வெளிக்கிடச் சொன்னவை. வெளிக்கிட்டம். ஒரு கேள்வி கேக்கேல்லை. இண்டைக்குக் கேக்கிறன். ஆரும் கலியாணம் முடிக்காத மணமேடை என்னத்துக்கு? என்ரை மகளின்ரை நிக்காஹ் இதிலைதான் நடக்கவேணும். ஓம் எண்டு சொல்லுங்கோ, எழும்புறன்.”

மீனாம்பிகையின் உள்ளத்துள் தொண்ணூற்றைந்தாம் ஆண்டின் மழையிரவு ஒன்று எழுந்தது. அன்று அதே சொல்லைக் கேட்டு, போர் நெருங்கிவர, நகரைச் சூழ்ந்த வலிகாமப் பகுதி முழுவதும் ஒரே சாலையில் நெருக்குண்டு நகர, நோயுற்ற தாயை ஈருருளியில் இருத்தித் தள்ளிச்சென்ற இளம்பெண் அவர்தாம்.

“அந்தச் சொல் எனக்கும் தெரியும்,” என்றார் மெல்ல. “ஆனால் நாங்கள் ஒரு வருஷத்துக்குள்ளை திரும்பி வந்தம். உங்களுக்கு?”

“முப்பது வருஷம் ஆச்சுது.”

மீனாம்பிகை தரையில் சிதறிக்கிடந்த ஒளித்துணுக்குகளை நோக்கினார். பின் நிமிர்ந்து, “சீவரத்தினம் அண்ணை, உந்தக் கயிற்றைக் கழட்டுங்கோ” என்றார். அடுத்த கணமே ஆசிரியைக்குரிய கண்டிப்பும் திரும்பிவிட்டது: “ஆனால் சுவரிலை ஒரு ஆணி அடிக்கப்படாது. சமையல் எல்லாம் பின்வளவுக்குள்ளை.”

“ஒரு குண்டூசியும் குத்தமாட்டம்!” என்றாள் றுக்ஷானா. ஸபூரா சிரித்தாள், சிரிப்பினூடே கண்ணீர் பெருக, மீனாம்பிகை நீட்டிய கையைப் பற்றி எழுந்தாள்.

மணநாளும் வந்தது. புத்தளத்திலிருந்து இரவெல்லாம் பயணித்த உறவினர் பேருந்துகளினின்று இறங்கினர். நகரை ஒட்டிய கொக்குவிலிலிருந்தும் திருநெல்வேலியிலிருந்தும் சைவ நண்பர்கள் பூந்தட்டுகளோடு வந்தனர். மனைக்குப் பின்னாலிருந்த வளவில் நெய்ச்சோற்றின் மணம் கடற்காற்றையே வென்று தெருவரை சென்றது. மணமகன் பாயிஸ் கருங்காலித் தூண்களிடையே அமர, உள்ளறையிலிருந்த றுக்ஷானாவிடம் ஒப்புதல் கேட்கப்பட்டபோது, தோழியர் எதிர்பார்த்த நாணம் எதுவுமின்றி, “ஓம், சம்மதம்” என்று கூடம் முழுதும் கேட்கும்படி அவள் உரைத்தாள். குழந்தைகள் மேடையைச் சுற்றி ஓடினர். எவரோ செந்தரையில் இனிப்புநீரைக் கொட்டிவிட, மீனாம்பிகை முகத்தைச் சுளித்து, பின் தாமே துணிகொணர்ந்து துடைத்தார். ஸபூராவோ, விருந்தினரை அமர்த்துவதிலும் மருதாணிக் கைகளை முத்தமிடுவதிலும் தன்னை மறந்தவளாய், அழுவதற்கும் பொழுதின்றி இருந்தாள்.

அவள் ஒருமுறை முன்வாயிலை நோக்கினாள். அங்கே படியின் உச்சியில், நெஞ்சு நிமிர்த்தி, அவள் கணவர் நின்றுகொண்டிருந்தார். தெருவின் மறுகோடியில் வருவோர்க்கும் எட்டுமாறு, அந்நகரில் முப்பதாண்டுகளுக்கு மேலாக எவரும் கேட்டிராத தம் முழுக்குரலில், “வாங்கோ! உள்ளுக்கு வாங்கோ!” என்று அழைத்துக்கொண்டிருந்தார் நளீர். இடிந்த சுவரைக் கற்கள் நிமிர்த்தும். இழந்த ஊரையோ, உரிமையோடு பிறரை வரவேற்கும் மாந்தரின் குரலே நிமிர்த்தும்.