திரும்பிப் பார்க்காமல் மூன்று அடி

எனக்குக் கோபம் வந்தால் காது சிவந்துவிடும். தலைமையாசிரியர் மருதப்பன் அந்தக் கடிதத்தை என் மேசையில் வைத்த அன்று இரண்டு காதும் சிவந்தன. அது 1962, ஏப்ரல் மாதம். மன்னார்குடியிலிருந்து புறப்பட்டுக் கப்பலேறி வந்து, சிராங்கூன் ரோட்டுக்குப் பின்னால் இருந்த தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்பு எடுக்கத் தொடங்கி எனக்கு நான்கு மாதம்தான் ஆகியிருந்தது.

"பயப்படாதீங்க கண்மணி டீச்சர். ஆகஸ்ட்டுல மலாய் வாய்மொழித் தேர்வு. பாஸ் பண்ணிட்டா வேலை நிரந்தரம்."

"பண்ணாட்டி?"

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைக்கும் அளவுக்கு அதில் அழுக்கு இல்லை. "கப்பல் டிக்கெட்ட நிர்வாகமே எடுத்துக் குடுத்துடும்."

தமிழ்ப் பிள்ளைகளுக்குத் தமிழில் வாய்ப்பாடு சொல்லிக் கொடுக்க மலாய் எதற்கு என்று சண்டைக்குப் போனேன். "ரோட்டுல இறங்கினா எல்லாருக்கும் பொதுவா அது ஒண்ணுதானே லா இருக்கு டீச்சர்" என்றார் பொறுமையாக, இந்த ஊர்ப் பேச்சில் ஒட்டிக்கொண்டுவிடும் 'லா'வோடு. நியாயமான பதில். அதனாலேயே எனக்குக் கோபம் இன்னும் கூடியது.

ஊருக்குத் திரும்பினால் அண்ணன் வீடுதான். அண்ணன் கெட்டவர் இல்லை. ஆனால் அவர் வீட்டில் நான் கடைகண்ணிக்குப் போனது கிடையாது. என் சேலையின் நிறத்தைக்கூட அண்ணிதான் முடிவு செய்வார். வழியனுப்பும்போது அண்ணன் சிரித்துக்கொண்டே, "ஒரு வருஷம்கூட தாக்குப்பிடிக்க மாட்டே. உன் ரூம்ல நெல்லு மூட்டை போடாம காலியாவே வச்சிருக்கேன்" என்றார். இங்கே பஃபலோ ரோட்டு மாடியில் எனக்கு ஓர் அறை இருந்தது. ஒரு ஜன்னல், ஒரு பூட்டு, ஒரு சாவி. முப்பத்தொரு வயதில் என் கைக்கு வந்த முதல் சாவி அது. அதைத் திருப்பிக் கொடுக்க நான் தயாராக இல்லை.

வீட்டுக்காரர் நூருன்னிசா அக்கா. கடையநல்லூர்க்காரர், என்னைவிட இரண்டு வயதுதான் மூத்தவர். கீழ்வீட்டில் அம்மியில் மசாலா அரைத்து, தேக்கா பசார் என்ற சந்தையில் உருண்டை உருண்டையாக வைத்து விற்பார். நான் மாடிப்படியில் உட்கார்ந்து புத்தகத்தைப் பார்த்து மலாய் மனப்பாடம் செய்வேன். என் பெயர் கண்மணி. நான் ஓர் ஆசிரியை. என் பள்ளிக்கூடம் அழகானது. இதையே திரும்பத் திரும்பச் சொல்வேன்.

ஒரு நாள் அம்மிக்குழவியின் சத்தம் நின்றது.

"டீச்சர், மூணு வாரமா உங்க பள்ளிக்கூடம் அழகாவேதான் இருக்கு. அங்க வேற ஒண்ணும் நடக்கலையா?"

"புத்தகத்துல அவ்வளவுதான்க்கா இருக்கு."

"அதை மூடி வைங்க. உங்களுக்கு மத்தியான வகுப்புதானே? நாளைக்குக் காலைல என்கூட பசாருக்கு வாங்க."

அக்காவின் மசாலாத் தட்டுக்கு எதிரே ஆ லான் கீரை விற்றுக்கொண்டிருந்தாள். பொத்தோங் பாசிர் தோட்டத்திலிருந்து விடியும் முன்பே கூடைகளோடு வந்துவிடும் சீனப் பெண். ஓலைத் தொப்பியும் ரப்பர் பூட்ஸும் போட்டிருப்பாள். அவளுக்குத் தமிழ் தெரியாது. எனக்குச் சீனம் தெரியாது. இருவருக்கும் நடுவில் பசார் மலாய் மட்டும்தான் இருந்தது, அதிலும் முக்கால்வாசி அவள் பக்கம்.

முதல் நாள் ஒரு கட்டுக் கங்கோங் கீரைக்கு நாற்பது காசு என்றாள். எடுத்துக் கொடுத்துவிட்டேன். அக்கா என் முழங்கையில் கிள்ளியது மூன்று நாள் வலித்தது.

"மொதல்ல விலை கேக்கணும். எவ்வளவு சொன்னாலும் 'மாஹால்'னு சொல்லணும், விலை அதிகம்னு அர்த்தம். அப்புறம் சாமானக் குறை சொல்லணும். அதுக்கும் இறங்கலன்னா நடந்துடணும். மூணு அடி. திரும்பிப் பாக்கவே கூடாது."

"எதுக்கு?"

"பாத்தா உங்களுக்கு அது வேணும்னு தெரிஞ்சுடும்ல. மூணாவது அடியில கூப்பிடுவா."

"கூப்பிடலன்னா?"

"அப்போ அதுதான் சரியான விலை. பேசாம வந்து வாங்கிக்கிடணும்."

ஒரு பள்ளிக்கூட ஆசிரியை கீரைக்காக வீறாப்பாக நடந்து போவதா என்று எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. முதல் முறை இரண்டாவது அடியிலேயே திரும்பிப் பார்த்துவிட்டேன். ஆ லான் பல் தெரியச் சிரித்தாள். அந்தச் சிரிப்பில் என் காது சிவந்தது. இவளிடம் தோற்பதில்லை என்று அன்றைக்கே முடிவு செய்தேன்.

ஜூன் மாதத்துக்குள் நான் வேறு ஆளாகிவிட்டேன். வெள்ளரிக்காய் வளைந்திருக்கிறது, மிளகாய் சோர்ந்திருக்கிறது, இந்தக் கீரையை ஆடு தின்னுமா என்று மலாயில் அடுக்கினேன். ஆ லானோ, டீச்சருக்குக் கண் தெரியவில்லை, மூக்கும் இல்லை என்று பதிலுக்குத் திட்டினாள். என் கோபத்தால் ஒரு பயன் உண்டு என்று அதுவரை எனக்கு யாரும் சொன்னதில்லை. பேரம் முடிந்ததும் ஊர்க்கதை பேசுவோம். ஏன் கல்யாணம் செய்துகொள்ளவில்லை என்று அவள் கேட்பாள். அவளுடைய ஐந்து பிள்ளைகளில் யாருக்கு இருமல் என்று நான் கேட்பேன். என் வகுப்புப் பிள்ளைகளின் அம்மாக்கள் கூடையோடு நின்று எங்கள் சண்டையை வேடிக்கை பார்த்தார்கள். பள்ளிக்கூட வாசலில் என்னைக் கண்டால் ஒதுங்கி நின்ற அதே பெண்கள் இப்போது, "டீச்சர், எனக்கும் ஒரு கட்டு பேசிக் குடுங்க" என்று கேட்கத் தொடங்கினார்கள்.

ஆகஸ்டும் வந்தது. தேர்வு வேறொரு பள்ளிக்கூடத்தில், மாடியில். அக்கா எனக்குப் பேரீச்சம்பழம் ஊட்டிவிட்டு அனுப்பினார். தேர்வாளர் உஸ்மான் என்ற மலாய்க்காரர். கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டை, கறுப்பு சொங்கோக் தொப்பி, சிரிப்பே அறியாத முகம்.

என் பெயரைச் சொன்னேன். ஆசிரியை என்றேன். என் பள்ளிக்கூடம் அழகானது என்றேன்.

"எப்படி அழகு?" என்று மலாயில் கேட்டார்.

புத்தகத்தில் அதற்குப் பதில் இல்லை. என் பள்ளிக்கூடம் அழகானது என்று இன்னொரு முறை சொன்னேன். கப்பலும், நெல் மூட்டை இல்லாத அந்த அறையும் கண்முன் வந்து நின்றன.

அவருக்கே பாவமாக இருந்திருக்க வேண்டும். ஒரு படத்தை எடுத்து என் முன்னால் வைத்தார். அன்னாசிப்பழக் கடை. "நான்தான் இந்தக் கடைக்காரன் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு பழம் வாங்குங்கள்."

"எவ்வளவு?"

"ஒரு வெள்ளி, நூறு காசு."

"மாஹால் லா" என்றேன், என்னை அறியாமல்.

அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். ஜொகூர்ப் பழம், தேன் மாதிரி இனிக்கும் என்றார். ஜொகூர்ப் பழமா, அதன் தலை ஏன் இப்படிக் காய்ந்திருக்கிறது, அடியில் அழுகியிருக்கிறது, அடுத்த கடையில் இதைவிடப் பெரிய பழம் பாதி விலைக்குக் கிடைக்கிறது என்றேன். அப்படியானால் அடுத்த கடைக்கே போங்கள் என்றார். உங்களிடம் ஒரு பழம் வாங்கும் காசுக்கு அங்கே இரண்டு வாங்கி, ஒன்றை உங்களுக்கே தருகிறேன் என்றேன். அவர் உதடு லேசாகத் துடித்தது. ஆனால் விலை இறங்கவில்லை. ஒரு வெள்ளிதான் என்று மேசையைத் தட்டினார்.

அவ்வளவுதான். கைப்பையை எடுத்தேன், எழுந்தேன், கதவைத் திறந்துகொண்டு நடந்தேன்.

ஓர் அடி. இரண்டு அடி. மூன்று.

யாரும் கூப்பிடவில்லை. நான்கு, ஐந்து. தாழ்வாரத்து நாற்காலிகளில் முறைக்குக் காத்திருந்தவர்கள் என்னையே பார்த்தார்கள். படிக்கட்டுக் கைப்பிடியைத் தொட்டபோதுதான், நான் இருப்பது தேக்கா இல்லை, எழுந்து வந்தது என் வேலையை முடிவு செய்யும் அறையிலிருந்து என்று உறைத்தது. திரும்பிப் போக வெட்கம், இறங்கிப் போகப் பயம். அழுதுகொண்டே முதல் படியில் உட்கார்ந்துவிட்டேன்.

பின்னால் கதவு திறந்தது.

"சரி சரி, அறுபது காசு. வாங்க."

உஸ்மான் வாசலில் நின்றார். அந்த முகத்தில் சிரிப்பு இருந்தது. காத்திருந்தவர்களுக்கு ஒன்றும் புரியவில்லை.

மூக்கை உறிஞ்சிக்கொண்டே, "ஐம்பது" என்றேன்.

உள்ளே உட்காரவைத்து, யாரிடம் மலாய் படித்தீர்கள் என்று கேட்டார். கீரை விற்கும் ஆ லானிடம் என்றேன். "கேட்டாலே தெரிகிறது" என்று தலையை ஆட்டியபடி நெடுநேரம் எழுதினார்.

முடிவு வர இரண்டு வாரம் ஆயிற்று. அந்த இரண்டு வாரமும் நான் பசார் பக்கமே போகவில்லை. மருதப்பன் கடிதத்தைக் கொண்டுவந்து தந்தபோது கண்ணாடியைத் துடைக்கவில்லை. அதிலேயே எனக்குச் சேதி தெரிந்துவிட்டது. தேர்ச்சி. அடியில் ஒரு குறிப்பு: பேச்சில் தயக்கமில்லை, மாலை வகுப்பில் சேர்ந்து மரியாதையாகப் பேசவும் கற்றுக்கொள்ள வேண்டும்.

மறுநாள் காலை பசாருக்கு ஓடினேன். வேலை நிலைத்துவிட்டது, இனி இங்கேதான் இருப்பேன் என்று ஆ லானிடம் சொன்னேன். அவள் தலையை மட்டும் ஆட்டினாள். எனக்குச் சப்பென்று ஆகிவிட்டது. சரி போகட்டும் என்று, கங்கோங் என்ன விலை என்று கேட்டேன்.

"பதினைந்து காசு."

"மாஹால்" என்று சொல்லிவிட்டு வழக்கம்போல் நடந்தேன். மூன்று அடி. யாரும் கூப்பிடவில்லை. நான்கு, ஐந்து. வேறு வழியில்லாமல் திரும்பினேன். அவள் கீரையை அதற்குள் கட்டிக் கையில் நீட்டிக்கொண்டிருந்தாள்.

எதிரே மசாலாத் தட்டிலிருந்து நூருன்னிசா அக்கா சொன்னார்: "அதுல பேரம் கிடையாது டீச்சர். அது பசார்க்காரங்க எங்களுக்குள்ள சொல்லிக்கிற விலை."

எனக்கு அழுகை வந்தது. அதை மறைக்க, கீரையில் பூச்சி இருக்கிறது என்று ஆ லானோடு ஒரு பாட்டம் சண்டை போட்டுவிட்டுத்தான் காசைக் கொடுத்தேன்.

வீட்டுக்கு வந்து அறையைத் திறந்து, வகுப்புக்குப் போகும் முன் அண்ணனுக்கு ஒரு கடிதம் எழுதினேன். நலம் விசாரித்த பிறகு ஒரே வரிதான். அந்த அறையில் தாராளமாக நெல் மூட்டைகளைப் போட்டுக்கொள்ளுங்கள்.